ஏமாற்றுக்காரனுக்கு எழுதிக் கொடுத்தவள்

காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஓர் இறுமாப்பு உண்டு. ஏமாறுவது வெளியூரார் செய்யும் வேலை என்பது எங்கள் எண்ணம். நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும் கார்களை இருசக்கர வண்டியில் துரத்தி வந்து, கண்ணாடியைத் தட்டி, நெசவாளர் வீட்டு விலைக்கே புடவை வாங்கித் தருவதாக அழைத்துச் செல்லும் தரகர்களை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். கண்ணாடி இறங்குமா, இறங்காதா என்று தேநீர்க் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்போம். இறங்கிவிட்டால் யாராவது ஒருவர் “போச்சு” என்பார். அந்தச் சொல்லில் இரக்கம் கால் பங்கு. மீதி முக்கால் பங்கும் நாம் அந்தக் காருக்குள் இல்லை என்ற நிறைவு.

அந்த நிறைவில் எனக்கும் பங்கிருந்தது. பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். பிள்ளையார்பாளையத்தில், தறியோசை ஓயாத ஒரு தெருவில் தனியாக வாழ்கிறேன். வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது என்றும், கேளாத பரிசு விழுந்திருக்கிறது என்றும் கைபேசிக்கு வரும் செய்திகளைப் படித்த மறுநொடியே அழித்துவிடுவேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்களுக்கு வரும் செய்திகளையும் என்னிடம் காட்டி, “டீச்சர்மா, இத்த நம்பலாமா?” என்று கேட்பார்கள். நான் வேண்டாம் என்று சொன்னால் அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது. தெருவில் எனக்கிருந்த சொத்து அந்த ஒரு சொல்லின் மதிப்புத்தான்.

ஆடி மாதத்து முற்பகல் ஒன்றில் அவர் வந்தார். நாற்பது வயதிருக்கலாம். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, தோளில் துணிப்பை. செருப்புகளைக் கழற்றிச் சுவரோரமாக இணைத்து வைத்துவிட்டு நிமிர்ந்தார். செருப்பை நேராக வைப்பவரை நான் பாதி நம்பிவிடுகிறேன். வகுப்பறை வாசலில் பல்லாண்டுகள் நின்றதால் வந்த நோய் இது.

“அம்மையீர், தங்களைக் காணும் பேறு இன்றுதான் வாய்த்தது” என்று கைகூப்பினார்.

பையிலிருந்து ஒரு மடலை எடுத்து நீட்டினார். தமிழ்த் தொண்டையும் பிற தொண்டுகளையும் போற்றும் பேரவை ஒன்று எனக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்க முடிவு செய்திருப்பதாக அதில் இருந்தது. எனக்குச் சினம் வந்தது. மேடையில் வரிசையாக நிறுத்திப் பட்டம் சூட்டி, தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் கூட்டங்களைப் பற்றி நான் அறிந்திருந்தேன்.

“பட்டம் விற்பவர்களுக்கு இந்த வீட்டில் வேலை இல்லை. எனக்கு வேண்டாம்” என்றேன்.

அவர் முகம் வாடவில்லை. மாறாக, ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார்.

“என்ன எழுதுகிறீர்கள்?”

“தாங்கள் ‘வேண்டாம்’ என்றீர்களே, அதைத்தான். இதுவரை பதினொரு சான்றோரிடம் சென்றேன், அம்மா. ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. ‘யார் மறுக்கிறாரோ, அவரிடமே பாராட்டுரைகளை எழுதும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வா’ என்று எங்கள் தலைவர் சொல்லி அனுப்பினார்.”

பட்டத்தை மறுத்தவளால் இந்தப் புகழ்ச்சியை மறுக்க இயலவில்லை. அதன் பிறகு அவர் செய்ததுதான் உண்மையான கைவேலை. அந்த மடலையே திரும்ப நீட்டி, “பிழையிருந்தால் திருத்தித் தரவேண்டும்” என்றார். நான் சிவப்பு மை ஊற்றி நிரப்பிய பேனாவை எடுத்தேன். கால் மணி நேரத்தில் அந்தத் தாள் அம்மை கண்ட உடம்புபோல் ஆயிற்று. அவர் அதை இரு கைகளாலும் வாங்கி, ஒவ்வொரு திருத்தத்தையும் வாய்விட்டுப் படித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு பைக்குள் வைத்தார். என் பணிக்காலம் முழுவதிலும் திருத்தத்தை அவ்வளவு மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்ட ஒருவரைக்கூட நான் கண்டதில்லை. அப்போதே ஐயம் வந்திருக்க வேண்டும்.

இதுவரை அவரை ‘அவர்’ என்றே எழுதிவிட்டேன். அன்று அப்படித்தான் எண்ணினேன். இனி அவன் என்றே எழுதுகிறேன்.

என்னிடம் அவன் ஒரு காசும் கேட்கவில்லை. பன்னிரண்டு பாராட்டுரைகள் கேட்டான். யாருக்கு என்பதை விழா நாள்வரை வெளியிடுவதில்லை என்பது பேரவையின் மரபாம். ஆகையால் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டு, தொழிலை மட்டும் சொன்னான். உணவக உரிமையாளர் ஒருவர், பல் மருத்துவர் ஒருவர், நெசவாளர் ஒருவர் என்று அந்தப் பட்டியல் நீண்டது. நானும் இதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டான். ஒப்புக்கொண்டேன். வாக்குக் கொடுத்தால் காப்பவள் என்பது எனக்குப் பெருமை. அந்தப் பெருமை எவ்வளவு வசதியான பூட்டு என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

வெற்றிடத்தைப் புகழ எனக்கு வராது. நெசவாளருக்கான பாராட்டுரையை எழுத உட்கார்ந்தபோது, கண்ணெதிரே இருந்த நெசவாளரைப் பார்த்து எழுதினேன். அடுத்த வீட்டுக்காரர் அவர். அவரும் மனைவியும் ஒரே தறியில் அமர்ந்து கோர்வைப் புடவை நெய்பவர்கள். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் அந்த நெசவுக்கு இருவர் வேண்டும். எங்கள் இரு வீட்டுக்கும் பொதுவான சுவரில் ஒரு சாளரம் இருக்கிறது. தறியோசையில் ஓரிழை அறுந்தால் சோற்றுத் தட்டை விட்டு எழுந்துவிடும் அவருடைய செவியையும், உடலும் கரையும் சேரும் இடத்தை நகத்தால் ஒருமுறை வருடிப் பார்த்துவிட்டே அடுத்த இழையை விடும் அவருடைய விரலையும் உள்ளபடியே எழுதினேன். பன்னிரண்டில் அதுதான் சிறப்பாக அமைந்தது.

பத்து நாள் கழித்து, அடுத்த வீட்டுக்காரரின் நடையில் ஒரு மாற்றம் தெரிந்தது. பனியனோடு பால் வாங்கப் போகிறவர் தேய்த்த சட்டையோடு போனார். என்னைக் காணும்போதெல்லாம் ஒரு மர்மப் புன்னகை புரிந்தார். நானும் என் மறைபொருளை நினைத்து அதே போன்ற புன்னகையைத் திருப்பித் தந்தேன். அவர் மனைவி காரணமின்றி மசால்வடை கொண்டுவந்து கொடுத்தார். “எதுக்குமா இதெல்லாம்?” என்றால், “சும்மாதான் டீச்சர்மா, உங்களுக்குத் தெரியாததா?” என்று கண்ணைச் சிமிட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கமும் எனக்கில்லை. வடையைத் தின்றேன்.

ஆவணி பிறந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, அந்த அம்மாள் வடையில்லாமல் வந்தார். பின்னால் கணவரும் நின்றார்.

“டீச்சர்மா, வாய உட்டு கேக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிறாங்க. ஆனா எனுக்குத் தூக்கம் வரல. புடவை எப்பம்மா திரும்பி வரும்?”

“எந்தப் புடவை?”

அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அதான்மா, கண்காட்சிக்கு வாங்கினு போனாரே, உங்க பேரவைக்காரரு. ஞாயித்துக்கெழம விழா மேடையில என் நெசவ வெச்சுக் காட்டப் போறோம்னு” என்றார் கணவர். “நீங்கதானே தேர்வுக் குழுத் தலைவரு?”

“நானா?”

அவர் சட்டைப் பைக்குள்ளிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். என் பாராட்டுரை. வெற்றிடத்தில் அவருடைய பெயர் அச்சாகியிருந்தது.

“இத்தப் படிச்சுத்தான்மா நம்பினேன். மத்ததெல்லாம் யாரு வேணா எழுதலாம். நான் நகத்தால தடவிப் பாக்கறது இவளுக்கும் உங்களுக்கும் தவிர யாருக்குத் தெரியும்? டீச்சர்மாதான் எழுதிக்கிறாங்க, அப்ப சரியாத்தான் இருக்கும்னு கையில இருந்ததத் தூக்கிக் குடுத்துட்டேன்.”

கையில் இருந்தது என்று அவர் சொன்னது, தென்னேரியில் ஒரு விவசாயக் குடும்பம் தங்கள் பெண்ணின் திருமணத்துக்காகச் சொல்லிவைத்து நெய்வித்த முகூர்த்தப் புடவை. மணப்பெண்ணே நேரில் வந்து நிறம் தேர்ந்தெடுத்தாள்: அரக்கு நிற உடல், கிளிப்பச்சைக் கரை. முகூர்த்தத்துக்கு இன்னும் ஒன்பது நாள். அந்தப் புடவையை மறுபடி நெய்ய அதைப்போல் மூன்று மடங்கு நாள் வேண்டும்.

விழா நடப்பதாகச் சொல்லப்பட்ட மண்டபத்துக்குக் கைபேசியில் பேசினேன். மேலாளர் சிரித்தார்.

“ஞாயித்துக்கெழமையா? அன்னிக்கு காதுகுத்தல்மா. ஆனியிலயே புக் ஆயிடுச்சு. பட்டமளிப்பெல்லாம் இங்க ஒண்ணும் கெடயாது. இன்னாம்மா நடக்குது, காலையிலேர்ந்து இதயே கேட்டுக்கினு நீங்க நாலாவது ஆளு!”

கைபேசியைக் கீழே வைத்தேன். நான் ஏமாறவில்லை என்பது அப்போது விளங்கிற்று. அதைவிட மோசமான ஒன்று நடந்திருந்தது. ஏமாற்றுவதற்கு உரிய கருவியை நான் தீட்டிக் கொடுத்திருந்தேன். அவன் பேச்சை யாரும் நம்பவில்லை. என் எழுத்தை நம்பினார்கள். நம்பிக்கை என்பது தெருவில் ஏற்கெனவே நெய்து வைத்திருந்த துணி. அவன் அதை எடுத்து உதறிப் போர்த்திக்கொண்டான், அவ்வளவுதான்.

காவல் நிலையத்துக்குப் போகலாம் என்று எழுந்தேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“போலாம்மா, கண்டிப்பா போலாம். ஆனா புடவை கெடச்சாலும் அது கேஸ் பொருளு. பீரோவுல வெச்சுப் பூட்டிடுவாங்க. அந்தப் பொண்ணு கொழந்த பெத்து, அதுக்குக் காது குத்தும்போதுதான் நம்ம கைக்கு வரும். மொதல்ல புடவை. அப்புறம் போலீஸு.”

“அவன் ஏன் தருவான்?”

“தரமாட்டான். நான் மூணு வாட்டி கேட்டுட்டேன். விழா அன்னிக்குத்தான்னு சொல்றான்” என்றார் கணவர். சற்று யோசித்துவிட்டு, “ஆனா டீச்சர்மா, அவனால அத்த விக்கவும் முடியாது. பில்லு இல்லாம ஒத்தப் புடவையத் தூக்கினு போனா எந்தக் கடைக்காரனும் சந்தேகமாத்தான் பாப்பான். டூப்ளிகேட் ஜரின்னு சொல்லி வெலயக் கொறப்பான். நாமளே அது டூப்ளிகேட்னு சொல்லிட்டா இன்னா?” என்றார்.

“சொன்னால்?”

“அசலு இங்க இருக்குது, அத்தக் குடுத்துட்டு இத்த வாங்கினு போன்னு சொல்லுவோம். ஓடி வருவான்.”

“நல்ல யோசனை. பேசுங்கள்.”

“நான் பேசினா கொரல் நடுங்கும். நீங்கதான் பேசணும். நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு அவனுக்கே தெரியும்.”

என் வாழ்நாளில் நான் திட்டமிட்டுப் பொய் சொன்னதில்லை. இதை அறத்தின் பெயரால் சொல்லவில்லை. பொய்க்கு நினைவாற்றல் வேண்டும், எனக்கு அது பாடத்தோடு சரி. பொய்யை ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் பேச முடியும் என்றேன். எழுதினேன். எழுதியதை இருமுறை திருத்தினேன். “டீச்சர்மா, பரீட்ச இல்லமா இது!” என்று அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். தறி நின்றுபோன காரணத்தை அறிய அதற்குள் அக்கம்பக்கத்திலிருந்து நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். எல்லாரும் கேட்கட்டும் என்று கைபேசியின் ஒலிபெருக்கியை முடுக்கினார்கள்.

“ஐயா, ஒரு வருத்தமான செய்தி” என்று தொடங்கினேன். “நெசவாளர் தங்களிடம் தந்த புடவை அசல் சரிகையால் ஆனதன்று. புதியவரை எப்படி நம்புவது என்று அஞ்சிப் போலிச் சரிகைப் புடவையைக் கொடுத்திருக்கிறார். தங்களைப் பற்றி நான் உறுதி சொன்ன பிறகு, வெட்கப்பட்டு, அசல் புடவையை எடுத்து வைத்திருக்கிறார்.”

தாளில் எழுதியிருந்தது அவ்வளவுதான். ஆனால் என் வாய் நிற்கவில்லை.

“அந்தப் போலி வெளியில் உலவினால் தம் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சுகிறார். ஆகையால் அதைத் திருப்பித் தந்தால்தான் அசலைத் தருவாராம். மாப்பிள்ளைக்குரிய சரிகை வேட்டியும் உடன் இருக்கிறது.”

வேட்டி என் சொந்தக் கற்பனை. அதைக் கேட்டு நெசவாளர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அதானே பாத்தேன்!” என்றது கைபேசி. மேடைத் தமிழ் எங்கே போயிற்றோ தெரியவில்லை. உடனே அது திரும்பி வந்தது: “நாளைக் காலையே வருகிறேன், அம்மையீர். இதை யாரிடமும் சொல்ல வேண்டா.”

அன்றிரவு எனக்கு உறக்கம் வந்தது. அதுதான் என்னைத் திடுக்கிடச் செய்தது. குற்ற உணர்வால் புரள்வேன் என்று எதிர்பார்த்திருந்தேன். மாறாக, அந்த வேட்டியை எண்ணி எண்ணிப் பூரித்தேன்.

மறுநாள் காலை அவன் வந்தான். வழக்கம்போல் செருப்பை ஒழுங்காக வைத்தான். பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய புடவையை எடுத்து நீட்டினான். நெசவாளர் அதை விரித்து, கரையோரமாக ஒரு முழம் பார்த்துவிட்டு மடித்தார். மனைவி வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்டது.

“அசல் எங்கே, ஐயா?” என்றான் அவன்.

“நீ குடுத்தியே, அதாம்பா அசல்.”

அப்போதுதான் அவன் செவிகொடுத்துக் கேட்டான். தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. எங்கள் தெருவில் பகலில் அவ்வளவு அமைதி யாராவது இறந்தால்தான் இருக்கும். வாசலை எட்டிப் பார்த்தான். வாசல் முழுதும் ஆட்கள்.

அவன் நெசவாளரைப் பார்க்கவில்லை; என்னைத்தான் பார்த்தான். கண்ணில் உண்மையான வருத்தம் இருந்தது.

“டீச்சர், எத்தினியோ பேர நான் பாத்துக்கிறேன். நீங்க பொய் சொல்லுவீங்கன்னு நான் நெனச்சே பாக்கல டீச்சர். உங்கள எவ்ளோ நம்பினேன்!”

வெட்கப்பட்டேன் என்று எழுதினால் வாசகர் நம்புவார்கள். ஆனால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

“வேட்டி ஒண்ணு இருக்குதுன்னீங்களே, அதாவது...” என்று அவன் தொடங்கியபோது வாசலில் சிரிப்பு வெடித்தது. காவலர்கள் வரும்வரை அவனுக்கு மோர் கொடுத்தார்கள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அன்று மாலையே புடவையைத் தென்னேரியில் சேர்த்துவிடுவது என்று நெசவாளர் புறப்பட்டார். நடந்ததை நானே சொல்வதுதான் முறை என்று உடன் சென்றேன். ஏரிக்கரை தாண்டி, பெண் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றதுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. யாரும் ‘வாங்க’ என்று சொல்லவில்லை. மணப்பெண்ணின் அத்தை இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

“எடுத்துக்கினு வந்தீங்களா, டூப்ளிகேட் புடவைய?”

முந்தைய மாலை கைபேசியைச் சுற்றி நின்ற பெண்களில் ஒருத்திக்குப் பிறந்த ஊர் தென்னேரி. என் பொய் எங்களுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்து சேர்ந்திருந்தது. உண்மை இன்னும் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை.

“அம்மா, அது போலி அன்று. அவனை வரவழைப்பதற்காகச் சொன்ன பொய்” என்றேன்.

“யாரு சொன்னது?”

“நான்தான்.”

“அப்ப இப்போ சொல்றீங்களே, இது?”

இத்தனை ஆண்டுகள் தெருவே நம்பிய வாயை மூடிக்கொண்டு, புடவையை எடுத்து நீட்டினேன். அவர் புடவையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். “ஜரிய மெஷின்ல வெச்சுப் பாத்து, சீட்டு வாங்கினு வாங்க. அப்புறம் பேசலாம்” என்றார். நெசவாளர் சரி என்று தலையாட்டினார். ஆனால் அவர் முகத்தைப் பார்க்க என்னால் இயலவில்லை. அவர் நெய்த புடவையைச் சோதித்துச் சீட்டுக் கொண்டுவா என்று அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

அறைக்குள்ளிருந்து மணப்பெண் வந்தாள். தலையில் பாதி பின்னிய சடை.

“மெஷினும் வேணாம், சீட்டும் வேணாம் அத்த. இந்த ஒரு புடவைக்காக இவங்க ஒரு திருடன வூட்டுக்குக் கூப்ட்டு, பொய் சொல்லி, அவங்கிட்டேர்ந்து திருப்பி வாங்கினு வந்துக்கிறாங்க. டூப்ளிகேட்டா இருந்தா, போனா போவுதுன்னு அவனுக்கே உட்டிருக்க மாட்டாங்களா?”

பெண் புடவையை அத்தை கையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, சுவர்க் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். “பச்சை கரெக்டா வந்துக்குது மாமா” என்றாள். நெசவாளர் அப்போதுதான் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகே அங்கே நாற்காலி இருக்கிறதா என்று பார்த்தார். நல்ல வேளை, இருந்தது.

காப்பி வந்தது. நான் பாதி குடித்திருந்தபோது அத்தை என்னருகில் வந்து அமர்ந்து, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்:

“டீச்சர்மா, மாப்ள வூட்ல இன்னும் அம்பது பேருக்குச் சாப்பாடு போடச் சொல்லி அடம் புடிக்கிறாங்க. மண்டபத்துல அவ்ளோ பேருக்கு எடமே இல்லன்னு நீங்க ஒரு போன் போட்டுச் சொல்ல முடியுமா? நீங்க சொன்னா நம்புவாங்கமா.”